எட்டு வாத்தியம் தெரிஞ்ச மருமவனுக்கு

வா மருமவனே, உக்காரு. அந்தக் கிட்டாரக் கீழ வச்சிராத, கோழி ஏறி உக்காந்துரும். மடியிலயே கெடக்கட்டும். கைப்பிள்ளையத் தூக்குத மாதிரில்லா தூக்கிக்கிட்டு அலையுத. உங்கம்மா பேரப்பிள்ளை கேட்டு அழுதது வீண்போகல.

சுரண்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீ மாட்டியிருக்க பலகையப் பாத்தேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டு மேலருந்து கீழ வரைக்கும் வாசிச்சேன். கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேற்கத்திய சங்கீதம், ஜாஸ், கிராமிய இசை. எல்லாத்துக்கும் அடியில செவப்பு எழுத்துல ஃபியூஷன். எல்லாஞ் சேத்து மூணு மாசக் கோர்ஸு. முடிச்சா சர்ட்டிபிகேட்டு, ஃபிரேமு இலவசம். ஃபிரேமு நல்ல மரமா போடு. அதுலயாவது உளுத்தது இருக்கப்பிடாது.

நான் குத்தம் சொல்ல வரல. நாப்பது வருசமா நையாண்டி மேளத்துல தவிலு தட்டுனவன் கலப்படத்தப் பழிச்சா நாக்கு அழுகிரும். எங்க செட்டுலயே ரெண்டு நாயனம், ரெண்டு தவில், ஒரு பம்பை, ஒரு தமுரு, ஒரு ஜால்ரா. கொடைக்குப் போனா மொதல்ல ராகத்த இழுப்பாரு நாயனக்காரரு. பந்தல்ல ஒருத்தன் கொட்டாவி விட்டதும் சினிமாப் பாட்டுக்குத் தாவிருவாரு. கரகாட்டக்காரி வந்தா தெம்மாங்கு. முடிக்கையில இங்கிலீசு நோட்டு. அதுல இங்கிலீசு எம்புட்டுன்னு இங்கிலீசுக்காரன்தான் சொல்லணும். இம்புட்டையும் ஒரே ராத்திரியில வாசிச்சோம். பலகை மாட்டணும்னு எங்க யாருக்கும் தோணல. அதனாலதான் பூராப் பேரும் கடனாளியாச் செத்தான். நீ வெவரமானவன், பலகைய மாட்டிட்ட. நல்லாரு.

ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத. அந்தப் பலகையில பாதியவாது நெசமாவே தலைக்குள்ள வச்சிருந்த மனுசன் ஒருத்தரு இங்ஙனதான் பொறந்தாரு. சைக்கிள மிதிச்சா போயிரலாம், சாம்பவர் வடகரை. ஆபிரகாம் பண்டிதர்னு பேரு. 1859-ல பொறந்தவரு. நீ பேரு கேட்டிருப்ப. பேரு கேட்டிருக்கியே, அதுவே இந்தக் காலத்துப் பெரிய படிப்பு.

அவரு மொதல்ல பாட்டுக்காரரு இல்ல, பள்ளிக்கூடத்து வாத்தியாரு. திண்டுக்கல்ல வாத்தியாருக்குப் படிச்சிட்டு அங்ஙனயே வேலையும் பாத்தாரு. படிக்கப் போன எடத்துல சும்மா இருக்காம சடையாண்டிப் பத்தர்கிட்ட பிடில் கத்துக்கிட்டாரு. போட்டோ எடுக்கது, அச்சு வேலை, சோசியம்னு கண்ணுல பட்டதையெல்லாம் படிச்சாரு. சுருளிமலைக்குப் போயி கருணானந்தர்ங்கிற சாமியாரப் பாத்து சித்த வைத்தியத்தையும் வாங்கிக்கிட்டாரு. 1883-ல தஞ்சாவூருக்குப் போயி அங்கயும் வாத்தியாரு. பொறவு 1890 வாக்குல வேலைய விட்டுட்டு வைத்தியத்துலயே எறங்கிட்டாரு.

இந்த எடத்துலதான் நீ காதக் குடுக்கணும். உனக்கும் உங்கம்மாவுக்கும் நடக்க சண்டை இதுலல்லா கெடக்கு.

அவரு மருந்து நம்ம நாடு மட்டுமில்ல, இலங்கை, பர்மான்னு போச்சு. கருணானந்தர் சஞ்சீவி மருந்துன்னா அன்னைக்கு அம்புட்டுப் பேரு. தஞ்சாவூருக்கு வெளிய தோட்டம் போட்டாரு, அதுக்கும் குரு பேருதான், கருணானந்தபுரம். கரும்பு போட்டுப் பாத்தாரு. வெள்ளைக்காரன் ராவ் சாகிப் பட்டம் குடுத்தான். சங்கீதத்துலருந்து அவருக்குக் காசு வந்ததுன்னு நெனைக்காத. மாத்திரை வித்த காசு சங்கீதத்துக்குப் போச்சு. அவரு சங்கீதம் சோத்துக்காவ யாருக்கும் பல்ல இளிக்கல. இப்பப் புரியுதா, உங்கம்மா ஏன் அந்த உரக்கடை வேலைய விடாதங்கான்னு? அவளுக்குப் பண்டிதரையும் தெரியாது, பாட்டும் தெரியாது. ஆனா கணக்குத் தெரியும். பகல்ல பொட்டாசு நிறுத்துப் போடு, சாயங்காலம் பாட்டு சொல்லிக்குடு. பொட்டாசு நிறுக்கவன் கையி தராசுல நடுங்காது, தந்தியிலயும் நடுங்காது. அதுக்கு ஆதாரம் என்னன்னு கேக்காத, நானா சொல்லுதேன்.

பண்டிதருக்கு இங்கிலீசு சங்கீதமும் தெரியும். கோடு கிழிச்சு முட்டை முட்டையா எழுதுதாம்லா, ஸ்டாஃப் நொட்டேஷன், அது அத்துப்படி. வேதக்காரரு, கோயில் பாட்டு கேட்டு வளந்த காது. பிடில், வீணை, பழைய தமிழ் புஸ்தகம், கூட மேற்கத்திய சங்கீதம். இம்புட்டும் கையில இருந்தும் நீ பண்ணுதத அவரு பண்ணல பாத்துக்கோ. பியானோவுக்குப் பக்கத்துல மிருதங்கத்த வச்சு, ரெண்டையும் ஒண்ணா வாசிக்கச் சொல்லி, கண்ண மூடிக்கிட்டுத் தலைய ஆட்டல. அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஒரு ஸ்தாயியில எத்தன சுருதி?

என்ன சிரிக்க? சின்னக் கேள்வின்னு நெனைக்கியா? பழைய சமஸ்கிருத சாஸ்திரத்துல 22-ன்னு எழுதி வச்சிருக்கு. நூத்துக்கணக்கான வருசமா எல்லாரும் 22, 22-ன்னு ஒப்பிச்சிக்கிட்டு இருந்தாங்க. பாட்டுக்காரன் தொண்டையிலருந்து வாரது வேற, புஸ்தகத்துல கெடக்க கணக்கு வேறன்னு இவருக்கு ஒறுத்துச்சு. சிலப்பதிகாரத்த எடுத்தாரு, அதோட உரைய எடுத்தாரு. ஆயப்பாலை, வட்டப்பாலைன்னு அதுல பண்ண மாத்தி மாத்திப் பிரிக்க முறை இருக்கு. பன்னெண்டு ராசிக் கட்டத்துல சுரத்த நிறுத்தி, வட்டமாச் சுத்தி வாரது. சோசியம் படிச்சது இங்ஙன ஒதவுச்சு பாரு. ஸ்தாயியப் பன்னெண்டு சம பாகமா வெட்டி, ஒவ்வொண்ணையும் ரெண்டாக்கி, சுருதி 24-ன்னு சொன்னாரு. அதுக்கு மேல நுணுக்கமாப் போனா 48, 96 வரைக்கும் போகலாம்னாரு. மேற்கத்தியான் கணக்கு இந்தக் கேள்விய அறுக்க அவருக்கு அருவாளாச்சு. நீ அதே அருவாள மேடையில அலங்காரத்துக்கு மாட்டி வச்சிருக்க.

கேட்டதோட விட்டாரா? 1912-ல தஞ்சாவூர்ல சங்கீத வித்யா மகாஜன சங்கம்னு ஒண்ண ஆரம்பிச்சாரு. வித்துவான்கள வரவழைச்சு மாநாடு போட்டாரு, ஒண்ணு ரெண்டு இல்ல, ரெண்டு மூணு வருசத்துக்குள்ள ஆறு. செலவெல்லாம் அவரு தலையில. வித்துவான்களக் கூப்புடுததுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒருத்தரு வந்தா இன்னொருத்தரு வரமாட்டாரு. வந்தவருக்கு வெந்நீர் சூடு பத்தாது. எவன் எவனுக்கு எடது பக்கம் உக்காந்தான்னு பத்து வருசம் பேசுவான். ரெண்டு நாயனக்காரர ஒரு வேன்ல ஏத்தி ஆலங்குளம் தாண்ட வைக்கதுக்குள்ள நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவரு ஊரு பூராவையும் கூட்டி வச்சு, ‘நீங்க இதுவரைக்கும் நம்புன கணக்கு தப்பு’ன்னு சொல்லுதாரு. அதுவும் அவங்களுக்குச் சோறு போட்டுக்கிட்டு! பெரிய நெஞ்சழுத்தம் வே அது.

1916-ல பரோடாவுல கெய்க்வார் மகாராசா ஆதரவுல அகில இந்திய சங்கீத மாநாடு நடந்துச்சு. பாத்கண்டே மாதிரிப் பெரிய தலைக்கட்டுகள் கூடுன எடம். பண்டிதரு அங்க போயி தன் கணக்கச் சொன்னாரு. வாயால சொன்னா எவன் நம்புவான்? தன் மகள்களக் கூட்டிக்கிட்டுப் போயி வீணையில வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. 1916, மருமவனே. பொம்பளப் பிள்ளைகள வெளியூரு சபையில உக்கார வச்சு, பண்டிதனுங்க முன்னால ஸ்தாயியப் பிளந்து காட்டச் சொன்ன அப்பன். உன் கிளாஸ்ல பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி நேரம், தனி வாசல்னு போட்டிருக்கியே, அது எந்தச் சங்கீதத்தோட கலப்பு?

எல்லாரும் அவர ஏத்துக்கிட்டாங்கன்னு நெனைச்சிராத. அன்னைக்கும் மறுத்தாங்க, இன்னைக்கும் மறுக்காங்க. மறுக்கதுல ஞாயமும் இருக்கு. கொஞ்சம் கிட்ட வா. தம்புராவுல அந்த மந்தரத் தந்திய மீட்டுனா, யாரும் தொடாமலே ஒரு காந்தாரம் தன்னால மெதந்து வரும். கேட்டிருக்கியா? உன் போன்ல தம்புரா ஆப்பு இருக்குல்லா, அது பத்தாது, நெசத் தம்புராவுல கேளு. ஸ்தாயிய 1200 சென்ட்டாப் பங்கு போட்டு அளக்காங்க. சென்ட்டுன்னதும் பிளாட்டு விக்கவன் கணக்கா முழிக்காத, இது சுரத்துக்கு உள்ள அளவு. அந்தத் தன்னால வாரக் காந்தாரம் 386-ல நிக்கும். உன் கீபோர்டுல பன்னெண்டு கட்டையும் நூறு நூறாச் சமமா வெட்டியிருக்கதால, அதே அந்தரக் காந்தாரம் 400-ல நிக்கும். பதினாலு சென்ட்டு கூட. பண்டிதரு சொன்ன சமப் பங்கீடும் கீபோர்டுப் பக்கமாத்தான் சாயுது, காதுக்கு இதமா வாரக் காந்தாரம் எங்கன்னு கேட்டு மல்லுக்கு நின்னாங்க. ஞாயமான கேள்விதான். நானும் அவங்க பக்கம்தான் சாய்வேன், நாயனம் கேட்டு வளந்த காது.

ஆனா பாரு, தப்பாவே இருந்தாலும் அந்தாளு தப்ப எடுத்துப் பிடிச்சு நம்மளால சண்டை போட முடியுது. ஒவ்வொரு படியையும் எழுதி வச்சிருக்காரு. உன் ஃபியூஷன்ல தப்பக் கண்டுபிடிக்க முடியுமா? அதுல சரியே எதுன்னு தெரியலையே. போன மாசம் கல்யாண மண்டபத்துல கீபோர்டக் கீழ வச்சு நாயனத்த மேல வாசிக்க விட்ட பாரு. நாயனக்காரரு கமகத்துல ஆடி ஆடிப் போயி ஒரு எடத்துல உக்காருதாரு. கீபோர்டு பக்கத்து எடத்துல அசையாம நிக்கி. ரெண்டு பேரும் ஒரே சுரத்தத்தான் வாசிக்காங்க, ஆனா ஒருத்தர ஒருத்தரு பாக்கல. பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்களப் பாக்காத அதே மண்டபத்துல. ஜனம் கை தட்டுச்சு. ஜனம் பந்தி போட்டாச்சுன்னாலும் தட்டும்.

சொல்லிக்குடுக்கதுலயும் அவரு கெட்டிக்காரரு. 1907-லயே ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ன்னு ஒரு புஸ்தகம் போட்டாரு, பாட்டுப் படிக்க வார பிள்ளைகளுக்கு. அன்னைக்குப் பாட்டு கத்துக்கணும்னா தெலுங்கோ சமஸ்கிருதமோ. பிள்ளைக்கு என்ன பாடுதோம்னே தெரியாது, வாத்தியாருக்கும் பாதிதான் தெரியும். இவரு கீதம், சுரஜதி, கீர்த்தனைன்னு அந்தந்த வடிவத்த விடாமத் தமிழ்லயே பாட்டு கட்டுனாரு. பாட்டுல இயேசு சாமி வருவாரு, ராகத்துல தஞ்சாவூரு இருக்கும். ரெண்டுக்கும் சண்டை வரல. இதையும் கலப்புன்னு சொல்லணும்னா சொல்லிக்கோ, அவரு அந்தப் பேரு வைக்கல. பிள்ளைக்குப் புரியணும்னு பாத்தாரு. நீ மொத நாளே பிள்ளை கையில கீபோர்டக் குடுத்துச் சினிமாப் பாட்டு பல்லவி வாசிக்கச் சொல்லி, அத வீடியோ எடுத்து அப்பன் போனுக்கு அனுப்புத. அப்பனுக்குப் புரியுது, பீஸ் கட்டிருதான்.

பொறவு 1917-ல பெரிய புஸ்தகம், ‘கருணாமிர்த சாகரம்’. ஆயிரம் பக்கத்துக்கு மேல. சொந்தமா அச்சுக்கூடம் வச்சு, கரண்டுல ஓடுத மிஷினப் போட்டு அடிச்சாரு. பள்ளிக்கூடத்துக் காலத்துல அச்சு வேலை படிச்சது அங்க வந்து நின்னுச்சு. எதையும் அவரு வீணாப் படிக்கல பாத்தியா, எங்கயோ போயி ஒட்டிக்கிடுது. புஸ்தகம் வந்த ரெண்டே வருசத்துல, 1919-ல காலமாயிட்டாரு. ரெண்டாம் பாகத்த மக மரகதவல்லிதான் 1946-ல கொண்டுவந்தா. மகன் வரகுண பாண்டியன் யாழப் பத்தி ‘பாணர் கைவழி’ன்னு புஸ்தகம் எழுதுனாரு. வாத்தியாரு போன பொறவும் வீட்ல பாடம் நடந்துச்சு. நீ பாத்ரூம் போயிட்டு வாரதுக்குள்ள உன் கிளாஸ்ல பிள்ளைக ரீல்ஸ் பாக்குது.

அதுக்காவ இன்னொரு கூட்டத்தோடயும் சேந்துராத. நம்ம மேலத் தெருவுல ஒருத்தரு இருக்காரு, சுத்த சங்கீதம், எதுவும் ஒட்டப்பிடாதும்பாரு. மார்கழிக்கு மெட்ராசுக்குப் போயிட்டு வந்து ஆறு மாசம் நம்மளப் பாத்து மூக்கச் சுளிப்பாரு. அவருகிட்ட பிடில் எந்த ஊரு வாத்தியம்னு கேளு. முழிப்பாரு. முத்துசாமி தீட்சிதர் தம்பி பாலுசாமி தீட்சிதரு வெள்ளைக்காரங்கிட்ட உக்காந்து கத்துக்கிட்டு வந்தது அது. கத்துக்கிட்டவரு அப்படியேவா கொண்டாந்தாரு? நின்னு, கழுத்துல இடுக்கி வாசிக்கத நம்மாளுங்க சம்மணம் போட்டு, தலைப்பக்கத்தக் கணுக்கால்ல ஊணி வாசிக்கதா மாத்துனாங்க. நாலு தந்தியையும் அவன் வேற வேற சுரத்துல கூட்டுவான், நம்மாளு ச ப ச ப-ன்னு கூட்டுனான். இருக்கையையும் சுருதியையும் மாத்துன பொறவு அது நம்ம வீட்டுப் பிள்ளை. கையில கமகம் வழுக்கிக்கிட்டு ஓட எடம் கெடச்சுது. தஞ்சாவூரு வடிவேலு அத வாசிச்சு, சுவாதித் திருநாள் மகாராசா கையால தந்தத்துல செஞ்ச பிடிலே வாங்குனாரு. மேலத் தெருக்காரரு சுத்தம்னு சொல்லுத கச்சேரியில பாட்டுக்காரரு பக்கத்துல உக்காந்திருக்கது அதுதான்.

ஆர்மோனியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. கட்டைய மாத்த முடியாதுல்லா. கமகம் வராதுன்னு 1940-ல ரேடியோவுலருந்தே தள்ளி வச்சாங்க, முப்பது வருசம் உள்ள விடல. ரேடியோக்காரன் தள்ளுனா என்ன, நம்ம வில்லுப்பாட்டுக்காரன் விடல. வில்லு, குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டையோட ஆர்மோனியத்தையும் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டான். அவனுக்குச் சுதி பிடிக்க ஒரு ஆளு வேணும், அம்புட்டுதான். அதுகிட்டப் போயி அவன் கமகம் கேக்கல. எதுகிட்ட எத வாங்கணும்னு தெரிஞ்சவன்.

இப்பச் சொல்லு, உன் கேள்வி என்ன? மேல பாக்காத, ஓடு பொத்தலாத்தான் கெடக்கு, அங்க பதில் இல்ல. கிட்டாரும் தவிலும் சேந்தா நல்லாருக்குமாங்கிறது கேள்வி இல்ல, அது ஆசை. ஆசைக்கு மூணு மாசம் போதும், ஃபிரேமும் குடுத்து அனுப்பிரலாம். கேள்விக்கு வயசு போயிரும், கைக்காசும் போயிரும், வீட்ல சோறு சமயத்துக்குக் கெடைக்காது. அதான் ஆளு வரமாட்டேங்கான்.

சரி, நான் ஒண்ணு குடுக்கேன், இலவசம். வார செவ்வாக்கெழம சொடலைமாடன் கோயில்ல கொடை. கணியான் கூத்துக்காரங்க வாராங்க. அவங்க கையில மகுடம்னு ரெண்டு தோல் வாத்தியம் இருக்கும், ஒண்ணு உச்சம், ஒண்ணு மந்தம். ஆட்டம் தொடங்க முன்ன ஓலையக் கொளுத்தி அந்தத் தோல வாட்டுவான். நீ ஆட்டத்தப் பாக்காத, வாட்டுதவன் பக்கத்துல போயி உக்காரு. அவங்கிட்ட மீட்டர் கெடையாது, ஆப்பு கெடையாது. வாட்டுவான், விரலால சுண்டுவான், திரும்ப வாட்டுவான். ஒரு எடத்துல போதும்னு நிறுத்துவான். உச்சத்துக்கும் மந்தத்துக்கும் நடுவுல எம்புட்டு தூரம் விடுதான், ராத்திரி பனி எறங்குனா அது எம்புட்டு எறங்குது, பாடுதவன் தொண்டை அதுக்குப் பின்னால எப்படிப் போகுது. இத எழுதி வையி. போன்ல பதிவு பண்ணி, உன் சென்ட்டு கணக்குல அளந்தும் பாரு, வேண்டாங்கல. அவங்கிட்ட கேட்டா எரிஞ்சு விழுவான். மறு கொடைக்கும் போ. அதுக்கடுத்த ஊரு கொடைக்கும் போ. மூணாவது ஊர்ல அவனே பீடி கேப்பான், அப்பப் பேச ஆரம்பிப்பான்.

கிட்டார மட்டும் வீட்ல வச்சிட்டுப் போ. ஓலைத்தீ பொறி பறக்கும், அதுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்காம்லா, உங்கம்மா சொன்னா.